ரெண்டு சர்வர் க்ளஸ்டர்ல ரெண்டுமே 'நான்தான் மெயின்'னு ஓடிடுச்சு, கோரம் ஓட்டு எப்படி செட் பண்றது?

எண்ணூர்காத்து:

அண்ணனுங்க அக்காங்க எல்லாருக்கும் வணக்கம். திருவொத்தியூர்ல ஒரு கண்டெய்னர் யார்டுல சிஸ்டம் அட்மினா இருக்கேன், சேந்து எட்டு மாசம் ஆவுது. இங்க ரெண்டு சர்வர், ஒண்ணு கீழ கேட் ஆபீஸ்ல, இன்னொண்ணு மாடில பில்லிங் ரூம்ல. முன்ன ரெண்டுமே கீழதான் இருந்துச்சாம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் தண்ணி உள்ள வந்தப்புறம்தான் ஒண்ண மாடிக்கு ஏத்தினாங்கன்னு பழைய ஆளுங்க சொன்னாங்க. ரெண்டுலயும் டெபியன் லினக்ஸ், ஒண்ண ஒண்ணு உயிரோட இருக்கான்னு பாத்துக்க கோரோசிங்க், எத எங்க ஓட்டணும்னு பாத்துக்க பேஸ்மேக்கர், ஒண்ணோட டிஸ்க்க இன்னொண்ணுல அப்படியே காப்பி பண்ண டிஆர்பிடி, அதுமேல டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். எந்த சர்வர் மெயினோ அதுல ஒரு வர்ச்சுவல் ஐபி உக்காரும், எல்லா சிஸ்டமும் அந்த ஐபிக்குத்தான் போவும்.

போன செவ்வாக்கெழம சாயங்காலம் கரண்டு போச்சு. சர்வர் ரெண்டும் யூபிஎஸ்ல இருக்கு, ஜெனரேட்டரும் ஒரு நிமிஷத்துல வந்துடுச்சு, அதுல ஒண்ணும் இல்ல. ஆனா படிக்கட்டுகிட்ட ஒரு சின்ன சுவிட்சு இருக்கு, கீழ்மாடியயும் மேல்மாடியயும் சேக்குறது அதுதான், அத யாரும் யூபிஎஸ்ல போடல, கரண்டு வந்ததும் லைட்டெல்லாம் எரியுது ஆனா உள்ள டிராஃபிக்கே போவல, அப்படியே ஹேங்க். அத ஒருத்தர் பாத்து புடுங்கி சொருவுறதுக்கு 40 நிமிஷம் ஆச்சு. அந்த 40 நிமிஷமும் கீழ சர்வர் மேல உள்ளது செத்துப்போச்சுன்னு நெனச்சுக்கினு மெயினா ஓடிருக்கு, மேல உள்ளது ஏற்கனவே மெயின், அதுவும் பாட்டுக்கு ஓடிக்கினு இருந்துச்சு. கேட்ல உக்காந்தவங்க கீழ சர்வர்ல எழுதினாங்க, பில்லிங்ல மேல சர்வர்ல எழுதினாங்க. ஒரே கேட் பாஸ் நம்பர் ரெண்டு வேற வேற கண்டெய்னருக்கு போட்டுருக்கு. வெளிய எக்ஸ்பிரஸ் ரோட்டுல ட்ரெய்லர் வரிசைல நிக்குது, டிரைவருங்க கையில ஒரே நம்பர் பாஸ் ரெண்டு. ராத்திரி முழுக்க நானும் கேட் கிளார்க் அண்ணனும் கையால நம்பர் ஒப்பிட்டு பாத்தோம், இன்னும் முடியல.

கான்ஃபிக்க தொறந்து பாத்தா டூ நோடு (நோடுன்னா ஒரு சர்வர்) 1, ஸ்டோனித் (மத்த சர்வர அணைக்குறது) எனேபிள்டு ஃபால்ஸ், நோ கோரம் பாலிசி (ஓட்டு பத்தலன்னா என்ன பண்றதுன்னு) இக்னோர். செட் பண்ணிக்குடுத்தவங்கள கேட்டா ரெண்டு நோடுன்னா அப்படித்தான் வெக்கணும்னு சொல்றாங்க. அது சரியா? சரியில்லன்னா ஓட்டு எப்படி குடுக்கணும், இன்னொரு சர்வர் வாங்கணுமா, மொதலாளிகிட்ட என்ன கேக்குறதுன்னு தெரியல. இப்ப ஒரு பக்கம் மட்டும் ஓடுது, இன்னொண்ணு டிஆர்பிடில ஸ்டாண்டலோன்னு (சேராம தனியா) காட்டுது, அத நான் தொடவே இல்ல.

ராயபுரம்_ரவுட்டர்:

ப்ரோ ஈஸியா முடிக்கலாம். மேல சர்வருக்கு கோரம் ஓட்ஸ் 2 குடு, கீழ சர்வருக்கு 1. மொத்தம் 3, மெஜாரிட்டி 2. லைன் கட் ஆனா மேல சர்வர்கிட்ட 2 ஓட்டு இருக்கு அது ஓடும், கீழ உள்ளது 1 ஓட்டோட நின்னுடும். ரெண்டும் மெயின் ஆவாது. செலவே இல்ல. டூ நோடு லைன மட்டும் எடுத்துடு, கான்ஃபிக் வெர்ஷன் நம்பர ஒண்ணு ஏத்திடு, இல்லன்னா எது புது ஃபைலுன்னு அதுக்கு தெரியாது.

கோட்டை_கம்பி:

தம்பி, மொதல்ல ஒண்ணு, அந்த ஸ்டாண்டலோன் பக்கத்த தொடாம வுட்டியே அது ரொம்ப நல்ல வேல. அத கீழ பேசறேன்.

ராயபுரம் தம்பி சொன்னதுல கணக்கு தப்பு இல்ல. ஆனா மேல சர்வரே செத்துப்போச்சுன்னு வெச்சுக்கோ, போர்டு போச்சு, கீழ சர்வர் நல்லா இருக்கு, அதுகிட்ட 1 ஓட்டுதான், 2 வேணும், அதுவும் நின்னுடும். அப்புறம் ரெண்டாவது சர்வர் எதுக்கு? ஒரு பக்கம் விழுந்தா மட்டும் தாங்குற க்ளஸ்டர் அது. ஆட்டோ டை பிரேக்கர்னு ஒண்ணு இருக்கே, அதுவும் இதே கததான், நோடு ஐடி எது சின்னதோ அந்தப்பக்கம் பொழைக்கும், அதுவே செத்துட்டா மிச்சம் உள்ளது அம்போ.

கோரம்னா என்னன்னு நான் புதுசா வர்ற பசங்களுக்கு இப்படித்தான் சொல்வேன். நம்ம கோட்டைல சட்டசபை இருக்கு, 234 பேரு, அதுல பத்துல ஒரு பங்கு, 24 பேரு வந்தா போதும் சபை நடக்கும். அங்க ஏன் பாதிக்கு மேல கேக்கல? ஏன்னா சபை ஒரே ஹால்லதான் நடக்கும். 24 பேரு இங்க உக்காந்து, இன்னொரு 24 பேரு பக்கத்து ரூம்ல உக்காந்து நாங்கதான் சபைன்னு சொல்ல முடியாது. சர்வருக்கு அந்த ஹால் கெடையாது. கேபிள் அறுந்தா ஒரே நிமிஷத்துல ரெண்டு ஹால் ஆயிடும், இந்த ஹால்ல உள்ளவனுக்கு அந்த ஹால் ஒண்ணு இருக்குன்னே தெரியாது. அதனாலதான் பாதிக்கு மேல வேணும்னு வெச்சிருக்கான், பாதிக்கு மேலன்றது ரெண்டு எடத்துல ஒரே நேரத்துல இருக்கவே முடியாது. அவ்ளோதான் மொத்த விஷயமும்.

இப்ப ரெண்டு நோடுக்கு பாதிக்கு மேலன்னா 2. ஒண்ணு விழுந்தா க்ளஸ்டரே நிக்கும். அதுக்குன்னு கோரோசிங்க்ல குடுத்த விதிவிலக்குதான் டூ நோடு 1. அது போட்டா ஒரு ஓட்டு இருந்தாலே கோரம் இருக்குன்னு ஒத்துக்கும். அப்ப லைன் கட் ஆனா ரெண்டு பக்கமும் கோரம் இருக்கும், யாரு மெயின்னு கோரம் சொல்லாது, ஃபென்சிங்தான் சொல்லணும். அதாவது ஒருத்தன் இன்னொருத்தன கரண்டு புடுங்கி அணைச்சிட்டுதான் டேட்டாபேஸ எடுக்கணும், யாரு முந்தறானோ அவன் மெயின். உங்க யார்டுல டூ நோடு வெச்சுட்டு அந்த ஃபென்சிங்கயே, ஸ்டோனித்னு இருக்கே அதான், ஃபால்ஸ் பண்ணிட்டாங்க. கேட்ல ஆள எடுத்துட்டு கேட்டயும் தொறந்து வுட்ட மாதிரி. இக்னோர்னு போட்டது அதுக்கு மேல, அது இல்லன்னாலும் இதே தான் நடந்திருக்கும். ரெண்டு நோடுன்னா அப்படித்தான் வெக்கணும்னு சொன்னது தப்பு, தெளிவா சொல்றேன், தப்பு.

டூ நோடு போட்டா வெயிட் ஃபார் ஆலும் தானா ஆன் ஆயிடும், அத பத்தியும் தெரிஞ்சு வெச்சுக்கோ. ரெண்டும் அணைஞ்சு மறுபடி பூட் ஆவும்போது ரெண்டும் ஒரு தடவயாவது ஒண்ண ஒண்ணு பாத்தாதான் கோரம் குடுக்கும். கரண்டு வந்து ஒரு சர்வர் மட்டும் எழுந்து சும்மா நிக்குதேன்னு சில பேரு அத ஆஃப் பண்ணிடுவாங்க, அத பண்ணக்கூடாது, அது உன்ன காப்பாத்துறதுக்காக நிக்குது.

உனக்கு வேண்டியது மூணாவது ஓட்டு. முழு சர்வர் வேணாம், டேட்டா வெக்க வேணாம். கியூநெட்டின்னு ஒரு சின்ன சர்வீஸ், பழைய பிசில கூட ஓடும். அதோட பேச ரெண்டு சர்வர்லயும் கியூடிவைஸ் போடு, மூணாவது மெஷின்ல கியூநெட்டி போடு, டிசிபி 5403 போர்ட்ட தொற. அல்காரிதம் எஃப்எஃப்ஸ்பிளிட், பாதிப்பாதியா பிரிஞ்சா ஒரே ஒரு பக்கத்துக்கு மட்டும் தன் ஓட்ட குடுக்கும். மொத்தம் 3, தேவ 2, எந்த ஒண்ணு விழுந்தாலும் மிச்சம் ரெண்டு. டூ நோடு லைன எடுத்துடணும், அதயும் இதயும் ஒண்ணா வெக்கக்கூடாது. நோ கோரம் பாலிசிய ஸ்டாப்புக்கு மாத்து, அதுதான் அதோட சொந்த டிஃபால்ட்டே.

எண்ணூர்காத்து:

அண்ணா ரொம்ப நன்றி, சட்டசபை சொன்னதும் பளிச்சுனு புரிஞ்சுது. கேட் ஆபீஸ்ல ஒரு பழைய டெஸ்க்டாப் சும்மா கெடக்கு, கீழ சர்வருக்கு பக்கத்துலயே. அதுலயே கியூநெட்டி போட்டுடவா? அப்புறம் டோக்கன் டைம்அவுட் (மத்த சர்வருக்காக எவ்ளோ நேரம் பொறுக்குறதுன்னு) 3000 மில்லிசெகண்டுன்னு இருக்கு, அத 10000 ஆக்குனா இந்த மாதிரி ஆவாதுன்னு ஒருத்தர் சொன்னாரு.

பெரம்பூர்_பேக்கப்:

தம்பி, கோட்டை அண்ணன் அடுத்தது சொல்றதுக்குள்ள அந்த ஸ்டாண்டலோன் பக்கத்துக்கு நான் சொல்றேன், ஏன்னா இத ஒரு தடவ நான் அனுபவிச்சிருக்கேன். டிஆர்பிடில ஸ்பிளிட் பிரெயின் (ரெண்டும் மெயின் ஆயிடுறது) சரி பண்றதுன்னு எங்க பாத்தாலும் ஒரே கமாண்டு போட்டிருப்பாங்க, செகண்டரி ஆக்கிட்டு கனெக்ட் டிஸ்கார்டு மை டேட்டா. அது என்ன பண்ணும்னா அந்தப்பக்கம் 40 நிமிஷம் எழுதுனத எல்லாம் தூக்கிப்போட்டுட்டு இந்தப்பக்கத்துல இருந்து சிங்க் பண்ணிக்கும். உன் கேட் பாஸெல்லாம் போயிடும். டிஆர்பிடிக்கு ரெண்டயும் கலக்கத் தெரியாது, அதுக்கு பிளாக்குதான் தெரியும், கேட் பாஸ் தெரியாது.

அதனால மொதல்ல அந்த டிஸ்க்க அப்படியே ஒரு வெளி டிஸ்க்குக்கு டிடி கமாண்டு போட்டு காப்பி எடு, எல்விஎம் மேல இருந்தா ஸ்னாப்ஷாட். அந்தக் காப்பிய வேற ஒரு மெஷின்ல, நெட்வொர்க் கேபிள் இல்லாம, போஸ்ட்கிரெஸ் ஏத்தி அந்த 40 நிமிஷ ரெகார்டு மட்டும் டம்ப் எடு. எடுத்தத கேட் கிளார்க்கோட உக்காந்து பாத்து மெயின் டேட்டாபேஸ்ல புது நம்பரோட ஏத்து. எல்லாம் ஏறிடுச்சுன்னு ரெண்டு பேரும் கையெழுத்து போட்டதுக்கு அப்புறம்தான் டிஸ்கார்டு. இன்னொண்ணும் பாரு, டிஆர்பிடி கான்ஃபிக்ல ஆஃப்டர் எஸ்பின்னு (எஸ்பின்னா ஸ்பிளிட் பிரெயின்) ஆரம்பிக்குற வரி ஏதாவது இருக்கா? டிஸ்கார்டு யங்கர் ப்ரைமரி மாதிரி இருந்தா எடுத்துடு. அது யாரையும் கேக்காம ஒரு பக்கத்த அழிச்சிடும், உனக்கு தெரியவே தெரியாது. உனக்கு ஸ்டாண்டலோன்னு நின்னுது பாரு, அது நின்னதாலதான் இப்ப மீட்க முடியுது.

ஓட்டு விஷயத்துல என் பங்குக்கு ஒண்ணு. நான் பாத்துக்குற ஸ்கேன் சென்டர்ல ப்ராக்ஸ்மாக்ஸ் (வர்ச்சுவல் மெஷின், அதாவது விஎம் ஓட்டுறது), மூணு நோடு. அதுல ஒண்ணு பழசாயிடுச்சுன்னு கழட்டி ஓரமா வெச்சாங்க, ஆனா லிஸ்ட்ல இருந்து எடுக்கல. எக்ஸ்பெக்டெட் ஓட்ஸ் இன்னும் 3, கையில உள்ளது 2. ஒழுங்காத்தான் ஓடிச்சு, யாரும் கவனிக்கல. ஒருநாள் அப்டேட்டுக்காக இன்னொண்ண ரீபூட் பண்ணேன், மிச்சம் 1 ஓட்டு, அதோட கான்ஃபிக் இருக்குற இட்டிசி பிவிஇ ஃபோல்டரே ரீட் ஒன்லி ஆயிடுச்சு, எந்த விஎம்மயும் ஸ்டார்ட் பண்ண முடியல. வெளிய பேஷண்ட் உக்காந்திருக்காங்க, ரிப்போர்ட்டு வரல. பிவிசிஎம் எக்ஸ்பெக்டெட் 1 போட்டு அப்போதைக்கு தப்பிச்சேன், அது ஒண்ணும் மருந்து இல்ல, மத்த நோடு நெசமாவே அணைஞ்சு இருக்குன்னு கண்ணால பாத்துட்டு மட்டும் போடணும். கழட்டுன மெஷின முறையா டெல்நோடு பண்ணணும், பண்ணதுக்கு அப்புறம் அத பழைய கான்ஃபிக்கோட அதே நெட்வொர்க்ல திரும்ப ஆன் பண்ணவே கூடாது. ஓட்டர் லிஸ்ட்ல செத்தவங்க பேரு இருந்தா மெஜாரிட்டி கணக்கே தப்பாயிடும். கோரோசிங்க் கோரம்டூல் போட்டு எக்ஸ்பெக்டெட்டும் டோட்டலும் ஒண்ணா இருக்கான்னு மாசத்துக்கு ஒரு தடவ பாக்குறது இப்ப எனக்கு பழக்கமாயிடுச்சு.

கோட்டை_கம்பி:

பெரம்பூர் அம்மா சொன்னத அப்படியே செய் தம்பி, அதுல கூட்ட எதுவும் இல்ல.

டோக்கன் டைம்அவுட்டு வேற நோய்க்கு மருந்து. சுவிட்சு ஒரு செகண்டு ரெண்டு செகண்டு தடுமாறுனா சும்மா சும்மா ஃபெயில்ஓவர் (மெயின் மாறுறது) ஆவாம இருக்க அத ஏத்தலாம். உனக்கு 40 நிமிஷம் லைன் இல்ல, 10 செகண்டு பொறுத்தா மட்டும் என்ன, பதினோராவது செகண்டுல அதே கததான்.

டெஸ்க்டாப்ப கீழ வெக்காத. யோசி, கீழ சர்வர் ஒரு ஓட்டு, பக்கத்துலயே அந்த டெஸ்க்டாப் ஒரு ஓட்டு. கீழ தண்ணி வந்துச்சு, இல்ல கீழ எம்சிபி ட்ரிப் ஆச்சு, ரெண்டு ஓட்டும் ஒண்ணா போயிடும், மாடில நல்லா இருக்குற சர்வர் ஒத்த ஓட்டோட நின்னுடும். புயலுக்கு பயந்துதான் மாடிக்கு ஏத்துனீங்க, அந்த புயல்லயே அது நின்னா ஏத்துனதுக்கு அர்த்தம் இல்ல. மாடில வெச்சாலும் இதேதான், திருப்பிப்போட்டா. மூணாவது ஓட்டு மூணாவது எடத்துல இருக்கணும். உங்களுக்கு வேற ஆபீஸ் எங்கயாவது இருக்கா? கோரோசிங்க் டோக்கனுக்குத்தான் லேட்டன்சி கம்மியா வேணும், கியூநெட்டிக்கு அவ்ளோ கண்டிப்பு இல்ல, பிராட்பேண்டே தாராளம். அந்த லைன் போனாலும் ஒண்ணும் ஆவாது, இங்க 3ல 2 இருக்கு.

ஆனா அங்க போற வழிய பாரு. இன்டர்நெட் ரவுட்டர் எந்த மாடில? மேலன்னு வெச்சுக்கோ. மாடில மொத்தமா கரண்டு போனா மேல சர்வரும் போவும் ரவுட்டரும் போவும், கீழ சர்வருக்கு கியூநெட்டிய எட்ட வழி இல்ல, அதுவும் நின்னுடும். அதனால ரெண்டு மாடிக்கும் தனித்தனி வழி வேணும், கீழ ஒரு 4ஜி ரவுட்டர் போட்டா போதும், ஓட்டு அனுப்ப எவ்ளோ டேட்டா ஆவப்போவுது.

அப்புறம் ரெண்டு சர்வருக்கும் நடுவுல சுவிட்சு எதுவும் இல்லாம ஒரு கேட்6 கேபிள் நேரா இழு. கோரோசிங்க் 3ல டிரான்ஸ்போர்ட் (சர்வருங்க பேசிக்குற வழி) கே-நெட், ஒண்ணுக்கு மேல லிங்க் குடுக்கலாம், நேர் கேபிள் லிங்க் 0, சுவிட்சு வழி லிங்க் 1. படிக்கட்டு சுவிட்சு செத்தாலும் மெம்பர்ஷிப் உடையாது. கடல்காத்து அடிக்குற எடம், கனெக்டர் பச்சை பூத்துடும், நல்ல தங்கமுலாம் போட்ட கனெக்டரா போட்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்து.

ஃபென்சிங் இல்லாம இத எதையும் முடிக்காத. ஐபிஎம்ஐ (தூரத்துல இருந்தே சர்வர அணைக்க வுடுற சிப்பு) இருக்கும் உன் சர்வர்ல, ஃபென்ஸ் ஐபிஎம்ஐ லேன் போடு. ஆனா அதுல ஒரு குழி இருக்கு, சர்வருக்கு கரண்டே போச்சுன்னா ஐபிஎம்ஐயும் போச்சு, இன்னொருத்தன் அணைக்க பாப்பான், பதில் வராது, அணைஞ்சுதா இல்லயான்னு தெரியாம அப்படியே காத்துக்கினு நிப்பான். அதுக்கு எஸ்பிடி வாட்ச்டாக் சேத்து போடு. கோரம் போன சர்வர் தன்ன தானே ரீசெட் பண்ணிக்கும், கோரம் உள்ளவன் குறிச்ச நேரம் பொறுத்துட்டு எடுத்துக்குவான். ஸ்டோனித் வாட்ச்டாக் டைம்அவுட்ட எஸ்பிடி வாட்ச்டாக் டைம்அவுட்டுக்கு ரெண்டு மடங்கு வை. இந்த டிஸ்க் இல்லாத எஸ்பிடி மூணு ஓட்டு இருந்தாத்தான் நம்பலாம், டூ நோடுல போட்டா ரெண்டு பக்கமும் கோரம் இருக்குறதால யாருமே ரீசெட் ஆவ மாட்டான்.

ராயபுரம்_ரவுட்டர்:

அண்ணா நான் ஒரு கேள்வி. நாலு நோடு வெச்சா இன்னும் ஸ்ட்ராங் தானே? என் க்ளையண்ட் ஒருத்தர் நாலு வாங்கிருக்காரு.

கோட்டை_கம்பி:

நாலுக்கு மெஜாரிட்டி 3, ஒண்ணுதான் விழலாம். மூணுக்கு மெஜாரிட்டி 2, அங்கயும் ஒண்ணுதான் விழலாம். வேல செய்ய ஆளு கூடும், தாங்குற சக்தி கூடாது. அஞ்சு வெச்சா ரெண்டு விழலாம். எட்சிடின்னு ஒரு க்ளஸ்டர் டேட்டாபேஸ் வெக்குறவங்களும் இதே கணக்குலதான் 3, 5னு போறாங்க. நாலு வாங்கிட்டாருன்னா ரெண்டுக்கு ரெண்டு பிரிஞ்சா முடிவு சொல்ல அங்கயும் ஒரு கியூநெட்டி போடு. ஒரே கியூநெட்டி பல க்ளஸ்டருக்கு ஓட்டு போடும், தனித்தனியா மெஷின் வேணாம்.

எண்ணூர்காத்து:

அண்ணா, அக்கா, பதினோரு நாள் கழிச்சு வரேன், மன்னிச்சுக்கோங்க. மொதல்ல டேட்டா. அக்கா சொன்ன மாதிரி காப்பி எடுத்து தனி மெஷின்ல ஏத்துனோம், கேட் பக்கம் மொத்தம் 63 பாஸ், அதுல 22 நம்பர் டபுள். கேட் கிளார்க் அண்ணன் ரிஜிஸ்டர் நோட்டுல கையால எழுதி வெச்சிருந்தாரு, அந்த நோட்டு இல்லன்னா நான் செத்தேன். எல்லாம் ஏத்தி ரெண்டு பேரும் சைன் பண்ணி அப்புறம்தான் டிஸ்கார்டு போட்டேன். ஆஃப்டர் எஸ்பி வரி எதுவும் இல்ல.

மண்ணடில எங்களுக்கு ஒரு சின்ன டாக்குமென்ட் ஆபீஸ் இருக்கு, கப்பல் பேப்பர் பாக்குறவங்க. அங்க கியூநெட்டி வெச்சுட்டேன், பழைய டெஸ்க்டாப்பதான் துடைச்சு எடுத்துக்கினு போனேன். ஃபைபர் மாடில, கீழ 4ஜி ரவுட்டர். நேர் கேபிள் இழுத்தாச்சு, படிக்கட்டு சுவிட்சும் இப்ப யூபிஎஸ்ல. மொதலாளி ஒரு கேள்வி கேட்டாரு, படிக்கட்டு சுவிட்சு மட்டும் போனா இனிமே என்ன ஆவும்னு. மாடி சர்வர் மெயினா இருந்தா கேட் நின்னுடும் சார், கிளார்க் நோட்டுல எழுதணும், ஆனா ஒரே நம்பர் ரெண்டு பேருக்கு போவாதுன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு நிக்கட்டும், பரவால்லன்னாரு.

ஞாயித்துக்கெழம கேட் மூடுனப்புறம் டெஸ்ட் பண்ணேன். மெயின் மாடில ஓடிக்கினு இருந்துச்சு. நேர் கேபிளயும் படிக்கட்டு சுவிட்சயும் ஒரே நேரத்துல புடுங்குனேன், அந்த செவ்வாக்கெழம மாதிரியே. மண்ணடி ஓட்டு நோடு ஐடி 1க்கு, அதாவது கீழ சர்வருக்கு போச்சு. மாடி சர்வர் தானா ரீசெட் ஆச்சு, ஃபேன் சத்தம் ஏறி எறங்குனது கீழ வரைக்கும் கேட்டுச்சு. ஒரு நிமிஷத்துக்குள்ள டேட்டாபேஸ் கீழ வந்துடுச்சு. மாடி சர்வர் பூட் ஆயி எழுந்து, ஒத்த ஓட்டோட, எதையும் தொடாம உக்காந்திருந்துச்சு. கேபிள சொருவுனேன், சேந்துச்சு, டிஆர்பிடி விட்டுப்போனத மட்டும் சிங்க் பண்ணிக்கிச்சு, ஸ்டாண்டலோன்னு வரவே இல்ல. அப்புறம் கீழ சர்வரோட பவர் கார்டையே புடுங்குனேன், ஐபிஎம்ஐ பதில் சொல்லல, வாட்ச்டாக் நேரம் முடிஞ்சதும் மாடி எடுத்துக்கிச்சு.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. மண்ணடி ஆபீஸ்ல ராத்திரி மெயின் ஸ்விட்ச அணைச்சுட்டு போறாங்க, அந்த டெஸ்க்டாப்பும் அணைஞ்சுடுது. காலைல தானா வந்து சேந்துக்குது, ஆனா ராத்திரி முழுக்க ரெண்டு ஓட்டுலதான் ஓடுது.

பெரம்பூர்_பேக்கப்:

அப்ப ராத்திரி ஒரு சர்வர் விழுந்தா மொத்தமும் நிக்கும் தம்பி, யார்டு ராத்திரி ஷிஃப்டும் ஓடுமே. அந்த டெஸ்க்டாப்புக்கு மட்டும் மெயினுக்கு முன்னாடி ஒரு தனி லைன் எலக்ட்ரீஷியன் வெச்சு எடுக்கச்சொல்லு, அந்த ரவுட்டரும் அதே லைன்ல இருக்கணும், மறந்துடாத.